கேட்க ஆளில்லாத ஒரு கேள்வி



பிள்ளையை உளவளத்துணை ஆசிரியரிடம் அனுப்புவோம் என்றால், "என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கும் பெற்றோர் இன்னமும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வரலாறு.

1935. இங்கிலாந்தின் லிங்கன் நகரம். சாட் வரா என்ற இளம் பாதிரியார் ஒரு நல்லடக்கத்தை நடத்தினார். மண்ணுக்குள் போனவள் 14 வயதுச் சிறுமி. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவள். அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது. அது என்னவென்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஏதோ வெட்கக்கேடான பாலியல் நோய் தொற்றிவிட்டது என்று பயந்துபோனாள். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கவில்லை.

அந்தச் சிறுமியை வரா மறக்கவில்லை. 1953 நவம்பர் 2ஆம் திகதி, லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் தன்னிடம் பேசலாம் என்று அறிவித்தார். ஆட்கள் வரிசையாக வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் சேர்ந்தார்கள். இனித்தான் விசயமே இருக்கிறது. அந்தத் தேநீர்த் தொண்டர்களிடம் மனதைக் கொட்டியவர்களில் பலர், வராவைச் சந்திக்காமலேயே பாரம் இறங்கித் திரும்பிப் போனார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் கேட்கும் பொறுப்பையே அவர் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். வைத்தியம் தேவைப்பட்டவர்கள் வைத்தியரிடம் அனுப்பப்பட்டார்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பு உருவானது இப்படித்தான்.

அந்தத் தொண்டர்கள் புத்திமதி சொல்லவில்லை, கேட்டார்கள். நாமோ பிள்ளை வாயைத் திறந்ததும் "சபூர் செய் மகள்" என்று முடித்துவிடுகிறோம். சபூர் நல்லதுதான், ஆனால் அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே!

அதே வழியில் 1974இல் ஜோன் டி மெல் இலங்கையில் சுமித்ரயோவைத் தொடங்கினார். அப்போது எமது நாட்டில் தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றம். தப்பிப் பிழைத்தவர் உதவி கேட்கவும் பயப்பட வேண்டிய நிலை. 1998இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1995இல் இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பின்னர் வெகுவாகக் குறைந்தது. கொடிய விவசாய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டதே அதற்குப் பெரிய காரணம். ஆனால் நஞ்சைத் தடைசெய்வதால் பிள்ளையின் நெஞ்சுக்குள் இருப்பது போய்விடாது.

எமது பெண்பிள்ளைகள் மத்ரஸாவில் ஹைளுச் சட்டங்களைப் படிக்கிறார்கள். அதனால் லிங்கன் சிறுமியின் அறியாமை அவர்களுக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போட்டோவை வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டினால்? சாதாரண தரப் பெறுபேறு பிழைத்தால்? ஆண்பிள்ளைக்குக் காரணமே தெரியாமல் தூக்கம் போய்விட்டால்? வாப்பாவிடம் சொல்ல முடியுமா?

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுத்துத் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளின் போனில் அதைப் பதிந்து கொடுங்கள். எடுத்தாயா, ஏன் எடுத்தாய் என்று மட்டும் விசாரிக்க வேண்டாம்.