கடல் விலகினும் முத்து நிற்கும்

பொருநைக் கரையிலுள்ள ஏரலுக்குக் கிழக்கே கொற்கை. பாண்டியரின் முத்துத் துறை அது. ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் விலகிற்று, துறை தூர்ந்தது. முத்தின் புகழோ தூரவில்லை!

திரைப்பட வரலாறும் அத்தகையதே. 1931-இல் 'காளிதாஸ்' வந்தது, தமிழ்ப்படம் பேசிற்று. ஆயினும் பேச்சினும் பாட்டே மிகுதி. 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள்! தியாகராஜ பாகவதரின் குரலுக்கு நாடே மயங்கிற்று. 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

பின்னர் அலை திரும்பிற்று. 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி'. 1952-இல் கலைஞரின் 'பராசக்தி'. கானம் கேட்ட காதுகள் கைம்பெண்ணின் கதறலைக் கேட்டன. தேவலோகம் கண்ட கண்கள் தெருவோர ஏழையைக் கண்டன. வசனம் வாகை சூடிற்று. 1977-இல் பாரதிராசாவின் '16 வயதினிலே' வந்தபோது, அடுக்குமொழி ஒதுங்கிற்று. ஊரும் வயலும் பேசலாயின.

சுவை மாறும், மாறட்டும்! நிலைப்பது எது? 'பராசக்தி' நின்றது அடுக்குமொழியால் மட்டுமா? அம்மொழியை அள்ளித் தெளித்த படங்கள் பல மறைந்தனவே! கல்யாணியின் கண்ணீருக்குக் காரணம் யார் என்று கேட்டது, அதனால் நின்றது.

இளைஞனே! கற்சிலைக்குப் பாலெதற்கு என்று கேட்ட நீ, நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றலாமா? அரங்கை விட்டு வரும்போது உன் நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்துள்ளதா என்று பார். எழுந்திருந்தால் கண்டது முத்து. இல்லையேல், எத்துணை மின்னினும் வெறுஞ்சிப்பி!