லயமும் ஊரும்: லுணுகலைப் புறஞ்சேரிகள் பற்றிய ஒரு நோக்கு

நகரின் எல்லைக்கு வெளியே அமைந்தும் அதனோடு கொண்ட தொடர்பு அறாத குடியிருப்பைப் பழந்தமிழர் புறஞ்சேரி என வழங்கினர். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்திலே ஒரு காதை அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மதுரையின் புறத்தே தங்கிய கோவலனும் கண்ணகியும் பின்னர் ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலம் பெற்றனர். நகரத்து வணிகமும் நாட்டுப்புறத்து எளிமையும் அடுத்தடுத்து வாழ்ந்த நிலையை அக்காப்பியம் நமக்குக் காட்டுகிறது.

இவ்விரண்டையும் திட்டமிட்டு இணைக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்தது. எபனேசர் ஹவார்ட் 1898 இல் தோட்ட நகரம் என்னும் கருத்தை நூலாக வெளியிட்டார்; 1903 இல் லெட்ச்வேர்த் நகரம் உருப்பெறத் தொடங்கியது. அதற்கு முன்னரே கட்பரி நிறுவனத்தார் தமது தொழிற்சாலையை அடுத்துப் போர்ன்வில் குடியிருப்பில் தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டத் தொடங்கியிருந்தனர். நகரமைப்பு அறிஞர் பற்றிக் கெடிஸ் 1921 இல் கொழும்பு நகருக்கும் ஒரு திட்டம் வகுத்தளித்தார். ஆனால், அதே காலத்தில் அதே பேரரசின் ஆட்சியில் ஊவா மலைச்சரிவுகளில் எழுந்த தொழிலாளர் குடியிருப்புகள் முற்றிலும் வேறானவை.

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும் மட்டக்களப்புப் பக்கத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலையிலே லுணுகலை அமைந்துள்ளது. சாலையோரக் கடைத்தெருவே அதன் நகரம். அதைச் சூழ்ந்து ஹொப்டன், அடாவத்தை முதலான தோட்டங்கள் பரந்துள்ளன. புதிதாக வருபவர் இவ்விடத்தை நகர விளிம்பில் அமைந்த எழில்மிகு சிற்றூர் என்றே கருதுவர். குடிசன மதிப்பீடோ நாட்டு மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கிறது. மாநகர சபை, நகர சபை எல்லைகளுள் வாழ்வோரே நகரத்தார். இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும் பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் கொண்டது தோட்டம். இக்கணக்கின்படி பிரதேச சபையின் கீழுள்ள லுணுகலைக் கடைத்தெரு கிராமம். அதனை அடுத்துள்ள லயமோ கிராமமும் அன்று. இப்பாகுபாட்டின் வேர் வரலாற்றில் உள்ளது.

1818 இல் ஊவாக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது சிங்களக் கிராமங்கள் பேரழிவுற்றன. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கிப் பெருந்தோட்டங்களுக்கு வழி திறந்தது. முதலில் கோப்பி வந்தது. 1869 இல் இலைநோய் பரவியதையடுத்து அது வீழ்ச்சியுறத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆதலின் பருவத்துக்கு வந்து மீண்ட தமிழகத் தொழிலாளர் குடும்பத்தோடு நிலைகொண்டனர். அவர்களுக்கென எழுந்தவையே 10 அடிக்கு 12 அடி அளவிலான காம்பராக்களைக் கொண்ட லயங்கள். வேலைக்கு ஆளைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருப்பதே அவற்றின் நோக்கம். குடும்பம் தழைப்பதற்கான இல்லம் அமைப்பது அன்று.

எனினும் மக்கள் அவற்றை ஊராக்கினர். கங்காணிமார் தத்தம் ஊரிலும் சுற்றத்திலும் ஆள் திரட்டியமையால் உறவுமுறைகளும் உடன் வந்தன. மாரியம்மன் கோயில் எழுந்தது. காமன் கூத்து ஆடப்பட்டது. லயத்தின் ஓரத்தில் மரக்கறிப் பாத்தியும் மாட்டுப் பட்டியும் தோன்றின. கிராமியத் தன்மை என இன்று கண்ணுக்குப் புலப்படுவதிற் பெரும்பகுதி இம்மக்களின் ஆக்கமே. ஆனால், அவர்கள் கொத்திய மண் அவர்களுக்கு உரித்தாகவில்லை. வேலை நீங்கின் காம்பராவும் நீங்கும் என்னும் அச்சம் தலைமுறைகளைத் தொடர்ந்தது.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவ்வச்சத்தை நாடளாவியதாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. புறப்பட நேரும் என்றிருப்பவன் மரம் நடுவதெங்ஙனம்? 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளுக்குச் சென்றது. 1983 ஜூலையிற் பதுளை நகரம் எரிந்தபோது நகரமும் தமிழருக்குப் பாதுகாப்பன்று என்பது புலனாயிற்று. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினை தீர்ந்த பின்னரும், 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபை நிதி செல்லத் தடையாயிருந்தது. அத்தடை 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கியது. வாக்களித்துத் தெரிந்த சபையிடம் பாதை கேட்க இயலாத நிலை முப்பதாண்டுகள் நீடித்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இக்காலத்துள் லயத்தின் இயல்பும் மாறியது. அங்கு பிறந்த இளைஞர் பலர் கொழுந்துக் கூடையை விட்டுப் பதுளையிலும் கொழும்பிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் தொழில் தேடினர். வீடு தோட்டத்தில், வேலை நகரத்தில் என்பது புறநகரின் இலக்கணம். அவ்வகையில் லயங்கள் உண்மையான புறஞ்சேரிகளாகிவிட்டன. ஆயினும் வீட்டுரிமை மட்டும் தோட்டத் தொழிலோடு கட்டுண்டு கிடந்தது. இதன் கொடிய விளைவைப் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தை உணர்த்தியது. மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டும், மாற்று நிலமின்மையால் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மலை சரிந்து லயங்களை மூடியது.

அதன் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டம் வலுப்பெற்றது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீட்டை நீக்கின் 1,350 சதுர அடி எஞ்சும். பத்துப் பன்னிரண்டு வாழைக்கும் ஒரு கீரைப் பாத்திக்கும் அது போதும்; பெருகும் குடும்பத்துக்கு மற்றொரு வீடெடுக்கப் போதாது. எனினும் 120 சதுர அடிக் காம்பராவில் வாழ்ந்தோருக்கு இது சிறிதன்று. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது.

ஆயின் வீடுகளின் தொகையை மட்டும் கொண்டு இம்மாற்றத்தை அளவிடுதல் பொருந்தாது. நிறைவான உறுதிப் பத்திரம், தபாற்காரன் கண்டறியும் முகவரி, சபை பேணும் பாதை, சரியாத நிலம், தொழில் மாறினும் பறிபோகாத உரிமை ஆகியன ஒருங்கே அமைதல் வேண்டும். கோயிலையும் கூத்தையும் உறவையும் இம்மக்கள் தாமே கொணர்ந்தனர். இவ்வைந்தும் அரசிடமிருந்து வரவேண்டியவை. அவை முழுமையாகக் கிடைக்கும் நாளிலேயே லுணுகலையைச் சூழ்ந்த லயங்கள் குடிசன மதிப்பீட்டின் ஏட்டிலும் ஊர்களாகும்.