திருகோணமலை லொறிக்காரர் கடந்த எல்லைகள்

டொரன்டோவில் சொந்தமாக லொறி வாங்கி ஓட்டும் நம்மவர் ஒருவருக்கு எல்லை என்றால் அமெரிக்கச் சுங்கம். கடவுச்சீட்டையும் சரக்குப் பத்திரங்களையும் காட்டிச் சற்றுக் காத்திருந்தால் அப்பால் நெடுஞ்சாலை. நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கையில் லொறிக்காரருக்கு எல்லை ஏது என்று கேட்கத் தோன்றும். திருகோணமலையில் ஒற்றை லொறியை நம்பித் தொழிலுக்கு வந்தவர்களிடம் கேட்டால், விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள்.

அவ்வூரில் சரக்குக்குப் பஞ்சமில்லை. 1977இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின் பயனாகச் சீனக்குடாவில் பிறீமா மாவாலை எழுந்தது. கோதுமை கப்பலில் வந்தது. மாவு நாடெங்கும் போயிற்று. 1982இல் ஏ. வை. எஸ். ஞானம் தொடங்கிய டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலையும் அதே குடாவில் அமைந்தது. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளின் பாரம் பவுசர்காரருக்கு உரியது. தட்டையான திறந்த லொறி வைத்திருந்தவருக்கு மாவும் சீமெந்தும் நெல்லும் மரமுமே சோறு போட்டன.

தொழிலுக்குள் நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றே. முதலில் கிளீனர். சில்லுக்குக் கட்டை வைப்பது, படங்கு விரிப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது. கயிறு கட்டுவதை எளிதாக நினைத்துவிடாதீர்கள். திறந்த லொறியில் சீமெந்து மூட்டைக்குள் ஈரம் இறங்கினால் ஒரு பயணத்தின் கூலி கல்லாகிவிடும். பிறகு சாரதி, பிறகு, கையில் மிஞ்சியதையும் மனைவியின் நகையையும் சேர்த்து வாங்கும் பழைய லொறி. முதலாளியும் சாரதியும் ஒருவரே ஆன நாளிலிருந்து, வண்டி நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருடைய நட்டம்.

நிற்க வைத்த முதல் எல்லை தண்ணீர். மட்டக்களப்பு வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறை துறையாகப் படகுப் பாதையில் லொறியை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. மூதூருக்குப் போகவே இத்தனை துறைகள். மகாவலி பெருகினால் கரையிலேயே சமையல். கிண்ணியாவில் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில்தான்.

இரண்டாவது எல்லையைப் போர் போட்டது. மட்டக்களப்புக்குப் போகக் கரையோர வீதியை விட்டு ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்ற வேண்டியதாயிற்று. வடக்கே யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே இல்லை. 1996இல் குடாநாடு இராணுவத்தின் வசமான பின்னும் அதற்கான உணவு திருகோணமலையிலிருந்து கப்பலில்தான் போனது. லொறி இறங்குதுறையோடு நின்றது. அக்கரையில் இன்னொருவருடைய லொறி காத்திருந்தது. எனக்கு இன்றும் உறுத்துவது சீமெந்தின் கதை. ஆலை இருந்த மாவட்டத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த வன்னிக்கு, பொருளாதாரத் தடையின் கீழ் சீமெந்து தடுக்கப்பட்ட பொருளாக இருந்தது. சரக்கும் உண்டு, வாங்குவாரும் உண்டு, வண்டியும் உண்டு. நடுவில் மண் அணை.

2002 ஜனவரியில் அந்தத் தடை பெருமளவு தளர்ந்தது. பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரல் 8இல் ஏ9 வீதி திறந்தது. லொறி ஒன்று வாங்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பலருக்கு வந்த காலம் அது. ஆனால் அந்த ஒரே வீதியில் இரண்டு அரசுகள் இருந்தன. ஓமந்தையில் இராணுவச் சோதனை. நாட்டாமைகள் பாரத்தை இறக்கி, சோதனை முடிந்ததும் மீண்டும் ஏற்ற வேண்டும். புளியங்குளத்தில் புலிகளின் ஆயப்பகுதி வரி அறவிட்டது. முகமாலையில் மறுபடி இரண்டு தரப்பும். புதிதாக வந்தவர் டீசல் செலவைச் சரியாகக் கணக்கிட்டிருப்பார். ஏற்றுகூலியையும் இறக்குகூலியையும் வரியையும், வரிசையில் கழிந்த இரவுகளையும் கணக்கில் சேர்க்கக் கற்றவரே நிலைத்தார்.

நிலைத்தவருக்கும் நான்கு ஆண்டுகள்தான் கிடைத்தன. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு பூட்டப்பட்டது; ஆகஸ்டில் மூதூரில் சண்டை. அதே மாதம் 11ஆம் திகதி முகமாலையில் மோதல் வெடிக்க ஏ9 மூடப்பட்டது. வடக்கு ஓட்டத்தை நம்பிக் கடன்பட்டவர்களின் தவணை மட்டும் மூடப்படவில்லை. சரக்கு மீண்டும் திருகோணமலைத் துறைக்கு வந்து கப்பல் ஏறியது.

இன்று வீதிகள் நன்றாக இருக்கின்றன, பாலங்களும் உண்டு. கொள்கலன் வணிகமோ கொழும்பில். திருகோணமலைக்குக் கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எண்ணெய் போன்ற மொத்தச் சரக்கே வருகிறது. 2023 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்கு இந்தியாவிலிருந்து தரைவழித் தொடர்பு என்ற எண்ணம் இடம்பெற்றது. பாலம் எழவில்லை. எழுந்தாலும் யாருடைய லொறி எதுவரை ஓடும் என்பதே சிறு லொறிக்காரரின் கேள்வி. இந்திய–வங்கதேச எல்லையில் பெட்ராபோலைக் கடக்கும் இந்திய லொறி, அப்பால் பெனாபோலில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது; அங்கிருந்து வங்கதேச லொறி ஏற்றிப் போகிறது. ஓமந்தையில் பாரம் இறக்கிய திருகோணமலைக்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை.