முதல் விதியைத் தந்த ஆசிரியர்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் நாள் நம் நாட்டில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது 1892இல் சீர்காழியில் தோன்றிய பேராசிரியர் எஸ். ஆர். அரங்கநாதனின் பிறந்த நாளாகப் பதிவேடுகளில் காணப்படுவது. அந்நாளில் இந்திய நூலக இயலின் தந்தை என்று அவரைப் போற்றாதார் இலர். ஆயினும் அவருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதை நினைப்பவர் மிகச் சிலரே. அவ்வாசிரியர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயிற்றிய ஸ்காட்லாந்து நாட்டினரான எட்வர்டு பி. ராஸ் என்பவர். கற்பித்தலையும் மேய்த்தலையும் கடனாகக் கொண்டுள்ள நம் வாசகர்களுக்கு இவ்விருவரின் உறவு அறியத்தக்கது என்று எண்ணியே இதனை எழுத முற்பட்டோம்.

கல்லூரி தாம்பரத்திற்குப் பெயராமல் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த காலம் அது. அங்கே அரங்கநாதன் பி.ஏ., எம்.ஏ. பட்டங்களைப் பெற்று, 1917 முதல் மங்களூரிலும் கோவையிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராய் விளங்கினார். பேச்சில் திக்குவாய் உண்டு. அதனோடு போராடியே அவர் வகுப்பில் நின்றார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டபோது, அப்பதவி அவருக்குச் சிறிதும் உவக்கவில்லை. நாடி வருவோர் குறைந்த அக்கூடத்தில் தனித்திருக்க மாட்டாமல், சில நாள்களிலேயே மாணவர் நடுவே திரும்பிவிட விழைந்தார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், அதன் பின்னும் மனம் மாறாவிடில் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று இசைவாயிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸிடம் பயின்று, ஏறத்தாழ நூறு நூலகங்களைச் சுற்றிப் பார்த்து, 1925இல் திரும்பியபோது அவர் வேறு மனிதராயிருந்தார். அங்கே எல்லா நிலை மக்களும் நூலகத்தைத் தமதென்று கொண்டு பயன்படுத்துவதைக் கண்டு வந்தவர், மீண்டும் கணிதத்தை நாடவில்லை. ஆயினும் கணிதம் அவரை விட்டபாடில்லை. பலவாகச் சிதறிக் கிடக்கும் நூலக நடைமுறைகளையெல்லாம் சில அடிப்படை விதிகளுள் அடக்க இயலாதா என்னும் வினா அவரை அலைக்கழித்தது.

1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை. பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கடந்த பின்னும் தம் மாணவரை நூலகத்தில் வந்து பார்த்துச் செல்வது ராஸின் வழக்கம். அன்றும் வந்தார், மிதிவண்டியில் ஏறிப் புறப்படும் வேளையில் மாணவரின் முகவாட்டத்தைக் கண்டு, காரணம் கேட்டார். அரங்கநாதன் தம் மனத்தில் உழன்றுகொண்டிருந்ததை விரித்துரைத்தார். கேட்டு முடித்த ராஸ், கண்ணில் குறும்பும் இதழில் முறுவலுமாக, நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதுதானே நீ சொல்ல வருவது, அதுவே உன் முதல் விதி என்னும் பொருள்பட ஒரு சொல் சொல்லிவிட்டு, மறுமொழிக்கும் நில்லாமல் போய்விட்டார். முதல் விதி கிட்டியதும் ஏனைய நான்கும் அதன் வழியே பிறந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் காலத்தைக் காத்தல். நூலகம் வளரும் உயிரி என்றறிதல் என்பன அவை. 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட 'நூலக இயலின் ஐந்து விதிகள்' என்னும் ஆங்கில நூல் இவ்வாறு உருவாயிற்று. இம்மாலை நிகழ்ச்சியை நாம் அறிவது அரங்கநாதனே பின்னாளில் எழுதிவைத்ததனால்தான். உலகெங்கும் தம் பெயரால் வழங்கும் விதிகளுள் முதலாவதன் சொல் தம் ஆசிரியருடையது என்று எழுதுவதற்கு அவர் தயங்கவில்லை.

முதல் விதியை அரங்கநாதன் வரலாறாகவே கற்பித்தார். இடைக்கால ஐரோப்பாவில் நூல்கள் இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைக்கப்பட்டிருந்ததிலிருந்து அவருடைய விளக்கம் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய நூலகம் இன்றும் காக்கப்படுகிறது. ஆனால் சங்கிலிக்காகவும் ஒரு சொல் சொல்ல விரும்புகிறோம். ஒரு படியைக் கையால் எழுதி முடிக்கப் பல திங்கள் உழைக்க வேண்டியிருந்த காலத்தில், அந்நூலைப் பலரும் ஓரிடத்தில் நின்று படிக்க வழிசெய்ததும் அச்சங்கிலியே. பூட்டிய அலமாரியோ அதனினும் கொடிது. நாம் இறையியல் பயின்ற நாள்களில், முன்னோர் விட்டுச்சென்ற விளக்கவுரைகள் கண்ணாடிக் கதவுக்குள் வரிசையாக இருந்ததைக் கண்டிருக்கிறோம். சாவியைக் கேட்டால், கிழிந்துபோனால் யார் பொறுப்பு என்ற கேள்வியே விடையாக வரும். ஒருநாள் எப்படியோ கதவு திறக்கப்பட்டது. நமக்கு முன்னரே கரையான்கள் அந்நூல்களைக் கற்றுத் தேர்ந்திருந்தன!

பிற்காலத்து அரங்கநாதனின் பணிகள் பலவும் பலரும் அறிந்தவை. 1929இல் சென்னையில் நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. 1933இல் கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்கு நெடுநாள் உழைத்தவரும் அவரே. காசியிலும் தில்லியிலும் கற்பித்து, 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவி, 1972இல் மறையும்வரை மாணவரோடு விவாதித்துக்கொண்டேயிருந்தார். அவருடைய பகுப்புமுறையின் குறியீடுகள் கடினமானவை என்பதையும், இந்திய நூலகங்களுள் பெரும்பாலானவை டூயி முறையையே கைக்கொண்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. தம் உழைப்பின் அளவையே பிறரிடமும் எதிர்பார்த்த கண்டிப்பு மிக்கவர் அவர். அவரிடம் பயில்வது எளிதாய் இருந்திராது. ஆனால் 1956இல் தம் வாழ்நாள் சேமிப்பாகிய ரூபாய் 1 இலட்சத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து நூலக இயலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபோது, அதற்குத் தம் பெயரை மட்டும் வைக்காமல் துணைவியார் சாரதாவின் பெயரை முன்வைத்துச் சாரதா அரங்கநாதன் பேராசிரியர் பதவி என்றே வழங்கச் செய்தார்.

1967இல், தமக்கு 75 அகவை நிறையும் ஆண்டில், கணித மேதை இராமானுஜனைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதிலும் ராஸ் வருகிறார். அரங்கநாதன் மாணவராய் அமர்ந்திருந்த வகுப்பறைக்குள் ராஸ் ஒருநாள் கண்கள் ஒளிர நுழைந்து, இராமானுஜனுக்குப் போலந்து மொழி தெரியுமா என்று கேட்டாராம். சென்னையில் இருந்துகொண்டு இராமானுஜன் தாமே கண்டெழுதிய முடிவு ஒன்று, அப்போதுதான் வந்து சேர்ந்த போலந்து அறிஞர் ஒருவரின் கட்டுரையிலும் இருந்ததைக் கண்ட வியப்பு அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், தம் ஆசிரியர் அன்று வகுப்புக்குள் நுழைந்த கோலத்தை அம்மாணவர் மறந்திருக்கவில்லை.