பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: விலை பேசும் முன் குழலைக் கவிழ்த்துப் பாருங்கள்



தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'செனாப்பாங் பாத்தா' என்ற மலாய்ச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 'பாத்தா' என்றால் முறிவது. நடுவில் கீல் வைத்து, குழலை முறித்துத் திறந்து, பின்பக்கமாகத் தோட்டா போடுகிற ரவைத் துப்பாக்கி அது. 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன இந்தச் செபராங் பிறை மண்ணில் முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை என்று பயிர் மாறிக்கொண்டே வந்தது. காட்டுப்பன்றி மட்டும் மாறவில்லை. அதனால் துரை பங்களாவிலும், உரிமம் பெற்ற சில கம்பத்து வீடுகளிலும் இந்தத் துப்பாக்கி இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், புதுக் கிராமங்களின் ஊர்க்காவல் படையினருக்கும் ரவைத் துப்பாக்கியே கொடுக்கப்பட்டது.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் இன்றும் ஆங்காங்கே கைமாறுகின்றன. "நூறு வருடத்துப் பொருளாம், வாங்கலாமா, என்ன பெறும்?" என்று கேட்பவர்கள் முதலில் காட்டுவது பக்கத்தகட்டில் செதுக்கிய பூவேலையைத்தான். பூவேலை கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் அடிப்பக்கத்தில், தோட்டா நுழையும் இடத்துக்கு அருகே, சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அந்தத் துப்பாக்கியின் ஜாதகம் அதுதான்.

அந்த முத்திரை எப்படி வந்தது என்பதே ஒரு வரலாறு. சுடும்போது குழல் வெடித்தால், போவது சுடுகிறவரின் இடது கை விரல்களும் கண்ணும். இதைத் தடுக்க, 1637-இல் இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு அரச சாசனம் கொடுக்கப்பட்டது. பர்மிங்காமில் 1813-இல் நாடாளுமன்றச் சட்டப்படி தனிச் சோதனைக்கூடம் வந்தது. 1868-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு கூடங்களையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது. சோதனை எளிமையானது, கொடூரமானதும்கூட. வழக்கமாகப் போடும் மருந்தைவிட மிக அதிகமாகப் போட்டுச் சுடுவார்கள். குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். தாங்காவிட்டால் அங்கேயே அதன் கதை முடிந்துவிடும்.

அந்த முத்திரைகள் காலத்துக்கேற்ப மாறியதால் துப்பாக்கியின் வயதையும் அவையே சொல்லிவிடும். பர்மிங்காம் குழலில் கிரீடமும் குறுக்கே இரண்டு செங்கோலும் இருந்தால், அது 1904-க்கு முந்தியது. 'நாட் ஃபார் பால்' என்று பொறித்திருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது. வாய்ப்பக்கம் சற்றுக் குறுகலாகக் கடைந்த குழல்கள் அப்போதுதான் பரவத் தொடங்கின. அதில் ஒற்றை ஈயக் குண்டைப் போட்டுச் சுடாதே என்று எச்சரிக்கை. 1925-க்குப் பிறகு தோட்டா அறையின் நீளமும் பொறிக்கப்பட்டது. 1954 விதிகளுக்குப் பிறகு, தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்றும் எழுதினார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாகத் தேட வேண்டியது 'நைட்ரோ' முத்திரை. பழைய குழல்கள் கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தது. அதற்குத் தனியாகச் சோதித்த குழலில்தான் நைட்ரோ முத்திரை இருக்கும். அது இல்லாத குழலில் இன்றைய கடைத் தோட்டாவைப் போடுவது, தெரிந்தே கையை நெருப்பில் வைப்பதுதான். இன்னொரு பொறியும் உண்டு. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் அதில் தடையில்லாமல் நுழையும். மடித்து மூடிய அதன் வாய் சுடும்போதுதான் விரியும், விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்று நம்பிவிடக்கூடாது.

குழலின் மேல் பாம்புத் தோல் போலவும் பட்டுச் சேலையின் கரை போலவும் கோலம் ஓடினால், விற்பவர் 'டமாஸ்கஸ்' என்று சொல்லி விலையை ஏற்றுவார். இங்கே ஒரு சின்ன விலகல். புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்குப் போனது தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு. அதில் நம் முன்னோர் கைவண்ணம் உண்டு. துப்பாக்கிக் குழலில் இருப்பது அதுவல்ல. இரும்பையும் எஃகையும் பட்டைகளாக அடுக்கி முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, பற்றவைத்து அடித்த வேலை. பெயர் மட்டும் இரவல். பெல்ஜியத்தின் லியேஜ் நகரமே இதில் பெயர் பெற்றது. அழகான வேலைதான், ஆனால் ஒரு குழலில் எண்ணற்ற ஒட்டுகள். ஈரக்காற்று வீசும் நம் நாட்டில் துரு அந்த ஒட்டுகளுக்குள் புகுந்து தின்னும். மேலே பார்த்தால் தெரியாது. எல்லா டமாஸ்கஸ் குழலும் ஆபத்து என்று சொல்வது மிகை. நைட்ரோ சோதனையில் தேறியவையும் உண்டு. ஆனால் முத்திரையும் அளவும் பார்க்காத வரை, அது சுவரில் மாட்டும் பொருள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குழலின் உட்புறம். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போல இருக்க வேண்டும். கரும்புள்ளிகள் இருந்தால் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காலத் தோட்டாக்களின் கேப்பில் இருந்த இரசாயனம் சுட்ட பிறகு உப்பாகப் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். பன்றி வேட்டை முடிந்து அன்றிரவே துடைக்காமல் வைத்த துப்பாக்கியை நம் தட்பவெப்பம் மன்னிக்காது. வளையம் போல நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது.

குழியைத் தேய்த்து மெருகேற்றி விற்பவர்களும் உண்டு. அப்போது உட்புறம் பளபளக்கும், ஆனால் சுவர் மெலிந்திருக்கும். பன்னிரண்டு 'போர்' என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று நுழையும் விட்டம்; 0.729 அங்குலம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். முத்திரையில் உள்ள அளவைவிட நூற்றில் ஒரு அங்குலம் அகன்றுவிட்டாலே பிரிட்டனில் அந்தப் பழைய முத்திரை செல்லாது. குழல் சுவர் எங்கேயும் நூற்றில் இரண்டு அங்குலத்துக்குக் கீழே மெலியக்கூடாது என்பது அனுபவஸ்தர் வைத்திருக்கும் கணக்கு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளவுக் கருவி உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம்தான் காட்ட வேண்டும்.

காதாலும் ஒரு சோதனை உண்டு. கழற்றிய குழலை அடிக்கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி போல நீளமாக ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானை போல ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டை விட்டுப்போயிருக்கிறது. பிறகு துப்பாக்கியைப் பூட்டி, முன்கட்டையை மட்டும் எடுத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கடகடவென்று சொல்லிவிடும். குழலிலும் உடலிலும் முன்கட்டையிலும் ஒரே எண் இருக்கிறதா, கைப்பிடி மெலியும் இடத்தில் மரம் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது. குழல் வாய்களுக்கு நடுவே சந்து தெரிந்தால் நுனியை அறுத்திருக்கிறார்கள். பாதி மதிப்பு அங்கேயே போயிற்று.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. குழலின் மேல் பொறித்த பெயர் செய்தவர் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை, விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸை நாம் கடிகாரக் கடையாகவே அறிவோம். அந்தக் காலத்தில் அவர்கள் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் விற்பனையாயின. அப்படிப்பட்ட துப்பாக்கி சரித்திர ஆர்வலருக்குப் பொக்கிஷம். இலண்டன் பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பெயர்கள் இங்கிலாந்து ஏலத்தில் ஒரு காரின் விலையைத் தொடும். ஆனால் 1875-இல் ஆன்சனும் டீலியும் கண்டுபிடித்த எளிய பூட்டு முறையில் பர்மிங்காமிலிருந்து ஏராளமாக வந்த சாதாரணத் துப்பாக்கிகளே காலனி நாடுகளில் அதிகம். தாத்தா காலத்தது என்பதற்காக அதற்கு இலண்டன் விலை கிடைக்காது. நம் நாட்டில் வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும் என்பதால், விலை மேலும் சுருங்கும்.

உரிமம் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது எல்லா ஆயுதங்களும் திரும்பி வரவில்லை. ஒரு பகுதி காட்டுக்குள் மறைக்கப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும், அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று விதி வந்தது. அந்த விதியின்கீழ்தான், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கிக்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் சுட்டார் என்பதல்ல குற்றச்சாட்டு, வைத்திருந்தார் என்பதே.

அந்த விதி போய்விட்டது, ஆனால் சட்டத்தின் கடுமை போகவில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம். பழம்பொருள்தானே, சுடவா போகிறேன் என்ற எண்ணத்தோடு கையில் வாங்கிவிடாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் மாவட்டக் காவல் நிலையத்தில் கேளுங்கள். விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

உரிமம் ஆளுக்குத்தான், அப்பா காலமானால் துப்பாக்கியோடு சேர்ந்து பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. பரணைச் சுத்தம் செய்யும்போது அப்படி ஒன்று கிடைத்தால், சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் புறப்படாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும். எடுத்ததற்கு எழுதிக் கொடுக்கும் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.