இன்ஜின் ஏற்றிய காலம்

திருநெல்வேலி ஜங்ஷனில் வாடகைக்கு நின்ற அம்பாசிடர்களில், பானெட்டைத் திறக்காமல் உள்ளே எந்த இன்ஜின் இருக்கிறது என்று சொல்ல முடியாத ஒரு காலம் இருந்தது. உத்தர்பாரா தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் குற்றால சீசன் வருமானத்தையே குடித்துவிடும். கம்பெனியே டீசல் அம்பாசிடர் விட்ட பிறகும், பழைய பெட்ரோல் வண்டிக்காரர்கள் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜின் எங்கே கிடைக்கும் என்று அலைந்தார்கள். வண்ணாரப்பேட்டைப் பட்டறை ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக நான் சேர்ந்தது அப்போதுதான்.

அம்பாசிடரில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். பின்னால் கியர்பாக்ஸ், அதன் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் ஆக்சிலில் கிரவுன் பல்சக்கரம். எல்லாம் தனித்தனி. செயின் பிளாக்கில் பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு, புதியதற்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே லேத்தில் கடைந்த ஒரு தட்டை வைத்து, மவுண்டிங்கை வெட்டி வெல்டு வைத்தால் முக்கால் வேலை முடிந்தது. தட்டு கொஞ்சம் விலகினாலும் கிளட்ச் அதிரும், கியர்பாக்ஸ் பேரிங் சீக்கிரமே போய்விடும். "இன்ஜின் கெடக்கட்டும்லே, சென்டர் பாத்தியா?" என்பார் பட்டறை அண்ணாச்சி. சுலோச்சனா முதலியார் பாலம் தாண்டி ஜங்ஷன் போய்த் திரும்புவதுதான் சோதனை ஓட்டம். 1843-இல் திறந்த பாலம். எங்கள் வண்டிகளின் புகையையும் தாங்கிக்கொண்டது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கிற வண்டி. மேட்டடாரும் முன்சக்கரம் இழுப்பதுதான். ஆனால் நாங்கள் அதிலிருந்து இன்ஜினை இறக்கினோமே தவிர, அதில் எதையும் ஏற்றியதில்லை.

மாருதியில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது. அதன் நுனியில் கியர்பாக்ஸ், கியர்பாக்ஸுக்குள்ளேயே கிரவுன், அங்கிருந்து இரண்டு ஆக்சில்கள் நேரே முன்சக்கரத்துக்கு. பெண்ணை மட்டும் அழைத்து வர முடியாது, சீர்வரிசை மொத்தமும் வந்தாக வேண்டும். இந்த அமைப்புக்கு ஒரு முன்கதை உண்டு. 1959-இல் வந்த மினி காரில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில் இருந்தது. அதை இன்ஜினின் பக்கத்துக்குக் கொண்டுவந்து 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் வைத்தவர் இத்தாலியின் தாந்தே ஜியாகோசா. நம் தெருக்களில் ஓடிய ஃபியட் 1100-ஐ வடிவமைத்தவரும் அவரே! எங்கள் பிழைப்புக்கு ஒரு கையால் சோறு போட்டு, மறு கையால் இலையை எடுத்துவிட்டார்.

அப்படியும் ஆசை விடவில்லை. 1994-இல் எஸ்டீம் வந்தது; 1298 சி.சி., நான்கு சிலிண்டர். விபத்தில் நொறுங்கிய எஸ்டீமின் இன்ஜினை 800-இல் ஏற்றச் சொல்லிப் பையன்கள் வந்தார்கள். கியர்பாக்ஸ் கூடவே வரவேண்டும், ஆக்சிலின் நீளத்தைச் சரிக்கட்ட வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், பிரேக்கும் மாற வேண்டும். கியர்பாக்ஸ் ஒரு ஓரத்தில் இருப்பதால் ஒரு ஆக்சில் குட்டை, மற்றது நெட்டை. சின்ன இன்ஜினில் அது தெரியாது. பெரிய இன்ஜினில் சட்டென்று மிதித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுக்கும்.

அப்படி மாற்றிய வண்டி பைபாஸில் பறக்கும், மறுக்கவில்லை. பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் மலைப்பாதையில், மழை ஈரத்தில் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போக, முன்சக்கரத்தின் பிடி தளரும். கூடுதல் குதிரைசக்தி டயரைத் தேய்க்கத்தான் உதவும். என்னைக் கேட்டால் 800-க்கு 796 சி.சி.யே அழகு.

அம்பாசிடர் காலத்தில் இன்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கில் மாற்றி எழுதிக்கொள்ள முடிந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கதவைச் சாத்தத் தொடங்கியது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இப்போதும் கேட்டு வருகிறவர்களிடம் சட்டத்தைச் சொல்லி, செலவுக் கணக்கையும் எழுதிக் காட்டுகிறேன். பாதிப் பேர் அந்தக் காசுக்கு முழுசாக ஒரு பழைய எஸ்டீமையே வாங்கிக்கொள்கிறார்கள்.