காசநோயா, நாடாப்புழுவா? வலிப்பு நோயறிதலின் வேலூர் திருப்பம்

நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞருக்குத் திடீரென்று வலிப்பு வருகிறது. ஒரு கை மட்டும் வெட்டி இழுக்கிறது, சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. ஸ்கேன் எடுத்தால் மூளையின் மேற்புறத்தில் கொண்டைக்கடலை அளவில் ஒரு வெள்ளை வளையம் தெரிகிறது. 1980களில் தமிழ்நாட்டில் இந்தப் படத்தைப் பார்த்த பெரும்பாலான மருத்துவர்களின் வாயில் முதலில் வந்த சொல் ‘டிபி’. அடுத்த ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டுகூட, காசநோய் மாத்திரைகள் ஓடும்.

அந்த முடிவை அறியாமை என்று ஒதுக்க முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அந்தத் தலைமுறை மண்டையோட்டைத் திறந்து எடுத்த கட்டிகளில் கணிசமானவை காசநோய்க் கட்டிகளே. கையால் தொட்டுக் கற்ற பாடம் அது. நோய் எங்கே அதிகமோ அங்கே சந்தேகமும் முதலில் அதன் மேல்தான் விழும். அனுபவமுள்ள மருத்துவரின் மனக்கணக்கு அப்படித்தான் ஓடும்.

காசநோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதைத் திருவள்ளூர் வட்டாரத்தைப் போல அளந்து பார்த்த இடங்கள் உலகிலேயே குறைவு. அது செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த காலத்தில், 1968இல், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் பலனை அறியும் பெரும் சோதனை இங்கே தொடங்கியது. 3,66,000க்கும் மேற்பட்டோர் பதிவுசெய்யப்பட்டனர். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளியானபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது உறுதியாயிற்று. கைக்குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்து காப்பதற்காக அது இன்றும் போடப்படுகிறது. அது வேறு கணக்கு.

வெற்று ஊசி பெற்ற அந்தக் கூட்டம் இல்லாதிருந்தால், நோய் வராத ஒவ்வொருவரும் தடுப்பூசியின் வெற்றியாகவே எண்ணப்பட்டிருப்பார். வலிப்பு நோயாளிகள் விஷயத்தில் நடந்தது ஏறக்குறைய அதுதான். மாத்திரை கொடுத்தார்கள், சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள், வளையம் மறைந்திருந்தது. மருந்து கேட்டிருக்கிறது, ஆகவே நோய் காசநோய்தான் என்று கோப்பு மூடப்பட்டது. ஆனால் வலிப்பு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கும் வளையம் மறைந்தது. ‘மறையும் ஸ்கேன் புள்ளிகள்’ பற்றி டெல்லி மருத்துவர்கள் 1980களிலேயே எழுதினார்கள். வலிப்புதான் அந்தப் புள்ளியையே உண்டாக்குகிறது என்றுகூடச் சிலர் கருதினர்.

விடை திசுவில் இருந்தது. வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் இந்தச் சிறு புள்ளிகளிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். பலவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். 1989இல் ‘லான்செட்’ இதழில் அதை அறிவித்தார்கள். புள்ளி ஏன் தானாக மறைகிறது என்பதும் இதனால் விளங்கிற்று. உயிரோடு இருக்கும் புழு உடலின் எதிர்ப்பிலிருந்து ஒளிந்து கிடக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பு உண்டாகும். பிறகு உடலே அதைக் கரைத்துவிடும், அல்லது சுண்ணாம்புத் தழும்பாக விட்டுவைக்கும்.

எல்லோருக்கும் மண்டையில் துளை போட முடியாது. எனவே 1993இல் திசுப் பரிசோதனையில் நோய் உறுதியான நோயாளிகளை வைத்து அக்குழு அடையாளங்களைத் தொகுத்தது; 1997இல் அவற்றைப் புதிய நோயாளிகளிடம் சரிபார்த்தது. வலிப்போடு வந்திருக்க வேண்டும். மூளை அழுத்தம் தொடர்ந்து உயர்ந்திருக்கக் கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடக் கூடாது, உடலில் வேறெங்கும் காசநோய் போன்ற நோய் இருக்கக் கூடாது. ஸ்கேனில் புள்ளி ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், சாய மருந்தில் பளிச்சிட வேண்டும். மூளையின் நடுக்கோடு விலகியிருக்கக் கூடாது. எல்லாம் பொருந்தினால் வலிப்பு மருந்து கொடுத்துக் காத்திருந்து, சில மாதத்தில் மறு ஸ்கேன். புள்ளி பெரிதானால் மட்டும் திசுப் பரிசோதனை. ஏறத்தாழ 99 சதவீதம் சரியாகக் கணித்த இந்த விதிகளில் புதிய கருவி எதுவும் இல்லை என்பதுதான் அவற்றின் அழகு.

தவறான முத்திரையின் விலை சிறியதல்ல. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்தான ஃபெனிடாயினின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். காசநோய்க்கென்று தந்த மருந்தே வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட் கல்லீரலைப் பாதிக்கலாம். ஊர் வாயும், நின்றுபோகும் கல்யாணப் பேச்சும் தனி.

நோயின் பரவலும் நிலையாக நிற்பதில்லை. திருவள்ளூரில் 1999இல் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை தொடங்கியபோது, கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் லட்சத்துக்கு 609 பேரிடம் இருந்தது. 2004–06 கணக்கெடுப்பில் அது 311. மறுபக்கம், வேலூர் மாவட்டத்தில் 50,000 பேரிடம் நடந்த ஆய்வு, வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுவின் தடம் இருப்பதை 2006இல் காட்டியது. பன்றி இறைச்சி தின்பவருக்குத்தான் இது வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் குடலில் புழுவைச் சுமப்பவரின் மலத்திலிருந்து முட்டை தண்ணீர், கீரை, கை வழியாக வாய்க்குப் போகிறது. சுத்த சைவருக்கும் வரும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் காசநோயா, நாடாப்புழுவா என்ற முடிவு இன்னும் சிக்கலாகிறது. உருக்காலைகளில் வேலை செய்வோரில் பலர் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். நெரிசலான அறைகளில் காசநோயும் எளிதில் பரவும். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறைக்காரருக்கு வலிப்பு வந்தால் ரத்தத்தில் ஈய அளவையும் பார்த்தாக வேண்டும். ஈயமும் மூளையைத் தாக்கும். உலை அருகிலும் உயரத்திலும் நிற்பவருக்கு அடுத்த வலிப்பு உயிருக்கே ஆபத்து. ஆகவே ‘என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்த ஊர், அறையில் எத்தனை பேர்’ என்ற கேள்விகள் ஸ்கேனுக்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை. இந்தியோ ஒடியாவோ பேசும் நோயாளியிடம் அவற்றைக் கேட்க மொழி தெரிந்த ஒருவரும் பக்கத்தில் வேண்டும்.

2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கு பயிலும் மாணவர்கள் வேலூர் விதிகளோடு, தங்கள் காலடியில் நடந்த பி.சி.ஜி. சோதனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒற்றை ஸ்கேனை வைத்து மூளைக் காசநோய் என்று சொல்லப்பட்டவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எந்த ஆதாரத்தில் அப்படி முடிவானது, மறு ஸ்கேன் எப்போது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.